வெள்ளி முடியும் இடம்

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் ரயில் நிலையத்திலிருந்து யு78 வண்டியில் சுமார் 20 நிமிடம். இறங்கினால் கண்காட்சி வளாகம். நவம்பர் தோறும் இங்கே மெடிக்கா என்ற மருத்துவக் கருவிச் சந்தை கூடுகிறது. உள்ளே காபி 4 யூரோ. அதைக் குடித்து முடித்து, அரங்கு அரங்காக நடந்து கால் கடுத்த பிறகுதான் நான் தேடிய கடை கண்ணில் பட்டது. ‘புற்றுநோயையும் தொற்றையும் எதிர்க்கும் ஸ்மார்ட் பூச்சு’ என்று ஆள் உயரப் பலகை.

கணைக்கால் எலும்பில் புற்று வந்து மேல்பகுதியை வெட்டி எடுத்தால், அந்த இடத்தில் வைக்கும் உலோக எலும்பை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். மணிக்கட்டு தானாக இறங்கியது. நடுத்தண்டு மங்கலான வெண்சாம்பல் நிறம், அதுதான் வெள்ளி. 10 முதல் 15 மைக்ரான் தடிமன், அடியில் 0.2 மைக்ரான் தங்கம் என்றார் விற்பனையாளர். தங்கம் அழகுக்கு இல்லையாம். அது அடியில் இருந்தால்தான் வெள்ளி அயனிகள் சீராகக் கரைந்து வெளியே வருமாம்.

திருப்பிப் பார்த்தேன். வெள்ளி ஓரிடத்தில் கோடு போட்டாற்போல் நின்றுவிடுகிறது. எலும்புக்குள் செருகும் கம்பி சொரசொரப்பான வெறும் டைட்டானியம். மூட்டு உரசும் முகமோ கண்ணாடிபோல் பளபளக்கிறது. அங்கேயும் பூச்சு இல்லை. கேட்டபிறகுதான் சொன்னார்: உரசினால் வெள்ளி தேய்ந்துவிடும், கம்பியோடு எலும்பு ஒட்டி வளர வேண்டும்.

தொற்று பற்றிய பேச்சில் சரக்கு இருந்தது. கீமோதெரபியில் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு, மேலே மூட சதை குறைவான இடம், உள்ளே பெரிய உலோகம். கிருமி அதில் படலமாகப் படிந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. உலோகத்தையே கழற்ற வேண்டிவரும், சிலருக்குக் காலே போகும். மியூன்ஸ்டர் மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளி பூசிய எலும்பு வைத்த 51 பேரில் 5.9 சதவீதத்தினருக்குத்தான் தொற்று. வெறும் டைட்டானியம் வைத்த 74 பேரில் அது 17.6 சதவீதம்.

இதில் ஸ்மார்ட் எங்கே? கிருமி பெருகும் இடத்தில் அமிலத்தன்மை கூடும். அதை உணர்ந்து மருந்தை விடுவது போன்றதுதான் ஸ்மார்ட் பூச்சு. வெள்ளி அப்படியில்லை, கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரைந்துகொண்டிருக்கும். இதை விற்பனையாளரும் மறுக்கவில்லை.

புற்றுநோயைக் கொல்வது எது என்று கேட்டேன். கண்ணாடிப் பெட்டியில் இருந்த மஞ்சள் வில்லையைக் காட்டினார். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. நம் அஞ்சறைப் பெட்டி மஞ்சளின் குர்குமின்தான்! அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுஷ்மிதா போஸ் குழு, குர்குமினை லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து, முப்பரிமாண அச்சில் செய்த எலும்புச் சட்டத்தில் ஏற்றியிருக்கிறது. ஆய்வகத் தட்டில் எலும்புப் புற்றுச் செல்கள் மடிந்தன. எலும்பை வளர்க்கும் செல்கள் பிழைத்தன. ஆனால் அது ஆய்வகத் தட்டு. என் கையில் இருந்த உலோகத்தில் மஞ்சள் துளியும் இல்லை. பலகையில் மட்டும் புற்றுநோய், தொற்று இரண்டுக்கும் ஒரே அளவு எழுத்து.

விலை கேட்டேன். மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும் என்றார். சரி, பூசாததைவிட எவ்வளவு கூடுதல் என்று விடாமல் கேட்டதற்கு ஒரு கையேட்டை நீட்டினார். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். விலை அதிலும் இல்லை.