ஆல்ப்ஸ் பயணம் – 6: ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் குளிர்

சென்ற வாரம் லாண்ட்குவார்ட்டில் சிவப்பு ரயிலில் ஏறி உட்கார்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். க்ளோஸ்டர்ஸ் தாண்டியதும் அந்த ரயில் மலைக்குள் புகுந்துவிடும். 1999இல் திறந்த வெரைனா சுரங்கம், 19 கிலோமீட்டர். வெளியே வந்தால் வேறு பள்ளத்தாக்கு, வேறு மொழி. ஸ்விட்சர்லாந்தின் கிழக்குக் கோடியில், இன் நதி ஓடும் கீழ் எங்காடின் இது. இங்கே பேசுவது ரொமான்ஷ். 1938இல் நாடே வாக்களித்து அதை நான்காவது தேசிய மொழி ஆக்கியது. எதிரே வருகிறவர் “அலெக்ரா” என்பார். நாமும் அதையே திருப்பிச் சொன்னால் மரியாதை முடிந்தது.

நான் இறங்கும் ஊர் குவார்தா. அதன் ரயில் நிலையம் பள்ளத்தில் இருக்கிறது. ஊர் 1,653 மீட்டர் உயரத்தில், வெயில் நன்றாக விழும் சரிவில். தபால் துறையின் மஞ்சள் பேருந்து வளைந்து வளைந்து ஏறிக் கொண்டுபோய் விடும். வெவ்வேறு பருவங்களில் இங்கே தங்கியிருக்கிறேன். எப்போது வந்தாலும் கண்ணில் படுவதெல்லாம் குளிர்காலத்துக்கான ஏற்பாடாகவே இருக்கிறது. “ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் குளிர்” என்று எங்காடின்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஜூலையில் ஊர் முழுக்க அறுத்த புல்லின் வாசம். இயந்திரம் ஏற முடியாத செங்குத்தான இடங்களில் நீண்ட பிடி போட்ட அரிவாள்தான். இப்போது அறுத்துக் காயவைப்பதுதான் பனிக்காலம் முழுக்க மாடுகளுக்குத் தீனி. மாடுகளோ அந்தச் சமயம் ஊரில் இல்லை. ஜூனிலேயே மேல்மலை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவார்கள். கீழேயே இருந்தால் பனிக்காலத்துப் புல்லைக் கோடையிலேயே தின்று தீர்த்துவிடும்.

சுவர்ப் பூச்சுக்கும் கோடைதான் காலம். ஈரச் சுண்ணாம்பில் உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும். ஸ்கிராஃபிட்டோ என்ற வேலை இந்த ஊரின் பெருமை. சாம்பல் நிறக் காரையைப் பூசி, அது காய்வதற்குள் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஆணி போன்ற கருவியால் கீறுவார்கள். கீறிய இடத்தில் அடியிலிருக்கும் சாம்பல் நிறம் தெரியும். நட்சத்திரப் பூ, அலை, மீன், கடற்கன்னி எல்லாம் சுவரில் வரும். சாயம் என்று தனியாக எதுவும் கிடையாது. 1622இல் ஆஸ்திரியப் படைகள் ஊரைக் கொளுத்திய பிறகு மறுபடி எழுந்த வீடுகள் இவை.

செப்டம்பரில் மாடுகள் இறங்கி வரும். உணவகப் பலகைகளில் மான் இறைச்சி ஏறும், அது வேட்டைக்கு உரிமம் தரும் மாதம். அக்டோபரில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகி, ஊசியிலை மரமாயிருந்தும் இலையை மொத்தமாக உதிர்த்துவிடும்.

இந்த வீடுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது ஜனவரியில்தான் புரிந்தது. வாசல் வளைவு அவ்வளவு அகலம். புல் வண்டி வீட்டின் நடுக்கூடம் வழியாகவே பின்னாலிருக்கும் களஞ்சியத்துக்குப் போக வேண்டும். கூடத்தைச் ‘சுலேர்’ என்கிறார்கள். தொழுவம் கீழே, அதற்குத் தனி வாசல். மனிதர், மாடு, தீனி மூன்றும் ஒரே கூரைக்குள். வெளியே பனி குவிந்து கிடந்தாலும் மாட்டுக்குப் புல் போடத் தெருவில் இறங்க வேண்டியதில்லை. கனத்த சுவரில் ஜன்னல்கள் புனல் போல உள்வாங்கியிருக்கும்: கண்ணாடி சிறிது, வெளிச்சம் நிறைய.

வீட்டிலேயே சூடான அறை ‘ஷ்டூவா’. சுவரும் கூரையும் பைன் பலகை. உள்ளே போனதும் அந்த வாசம் மூக்கைத் தொடும். அடுப்பு இந்த அறையில், அதில் விறகு போடும் வாய் மட்டும் வெளியே. புகையும் சாம்பலும் உள்ளே வராது. நான் தங்கிய வீட்டு அம்மாள் அடுப்பின் மேலே கூரையில் இருந்த சின்னக் கதவைக் காட்டி, “ஏறிப் பாருங்கள்” என்றார். அடுப்பை ஒட்டிய படியில் கால் வைத்து, தலையால் கதவை முட்டித் திறந்தால் நேராகப் படுக்கையறை. கீழே எரித்த விறகின் சூடு அதன் வழியே மேலே வரும். “சின்ன வயதில் நாங்கள் ஐந்து பேரும் இதில்தான் ஏறிப் படுக்கப் போவோம், மாடிப்படி விருந்தாளிக்கு” என்றார்.

மார்ச் 1 சலாந்தாமார்ஸ். சிறுவர்கள் மாட்டு மணிகளைக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி வந்து குளிர்காலத்தை விரட்டுவார்கள். காலடியில் இன்னும் பனிதான், ஆனாலும் சத்தத்துக்குக் குறைவில்லை. பெரிய மணி கிடைக்காத ஒரு பையனை வைத்து செலீனா ஷ்யோன்ஸ் எழுத, அலோய்ஸ் காரிஜியே படம் வரைந்த ‘ஷெல்லன் ஊர்ஸ்லி’ 1945இல் வெளிவந்து இவ்வூரை உலகக் குழந்தைகளுக்குக் கொண்டுபோனது.

பழமையைக் காப்பாற்றியதற்காக 1975இல் வாக்கர் பரிசும் வந்தது. இன்று சில களஞ்சியங்கள் வரவேற்பறை ஆகிவிட்டன. மலையூர்கள் விடுமுறை வீடுகளால் நிரம்புவது நாடு முழுக்கப் பிரச்சினையாகி, ஓர் ஊரில் அவை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2012இல் மக்கள் வாக்களித்தார்கள். சட்டம் வீட்டைக் காப்பாற்றும். புல் அறுக்க ஆளைக் கொண்டுவராது. ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்பவர்கள் ஜூலையில் போங்கள். வீடுகள் எப்போதும் இருக்கும். அந்த வேலையைப் பார்க்க இனி எத்தனை கோடை கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்த வாரம்: ஆற்றோடு கீழே இறங்கி ஷ்குவோல். தெருக் குழாயில் சோடா வரும் ஊர்.

(தொடரும்)