பின்னாடி யாராவது வந்து கேட்டா?

பேராவூரணியிலிருந்து சித்தி போன் செய்தார். "தெரிஞ்சவங்க மூலமா ஒரு பச்சைக்குழந்தை இருக்காம். நேரா வாங்கிக்கலாமா தம்பி?" கல்யாணமாகி 12 வருட ஏக்கம் அந்தக் குரலில்.

"வேண்டாம் சித்தி. அது குற்றம், 3 வருஷம் வரை ஜெயில். 'காரா' இணையதளத்துல பதியணும்."

"எங்க வயசுக்குக் கொடுப்பாங்களா?"

2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, தம்பதியின் மொத்த வயது 85-ஐத் தாண்டக் கூடாது. சித்திக்கு 37, சித்தப்பாவுக்கு 42. தகுதி உண்டு.

"கோர்ட்டுக்கு அலையணுமா?"

இல்லை. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே உத்தரவு தருகிறார்.

தயங்கித் தயங்கிக் கேட்டார்... "பின்னாடி யாராவது வந்து புள்ளையைக் கேட்டா?"

நேரடியாக வாங்கினால்தான் அந்தப் பயம். பெற்றவர்கள் ஒப்படைத்த குழந்தை என்றால், அவர்கள் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகே தத்துக்கு வரும். உத்தரவு வந்துவிட்டால் பெற்ற பிள்ளைக்குள்ள அத்தனை உரிமையும் உண்டு.

"ஆனா, வருஷக்கணக்குல காத்திருக்கணும் சித்தி."

"கஜா புயல்ல தோப்பே போச்சு. தென்னங்கன்னு வெச்சுக் காத்திருக்கலையா?"

மறுநாள் காலை சித்தப்பாவின் வாட்ஸ்அப். இருவரின் பான் கார்டு படங்கள். கீழே, "பதிஞ்சு விட்டுடு தம்பி."