டிஸ்னி பூங்காவில் சாப்பாட்டுக் கணக்கு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்கருகே, 1971இல் திறக்கப்பட்டது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. 2024இல் நாங்கள் ஐவரும் அங்குச் செல்ல ஆயத்தமானபோது, சவாரிகளைவிடச் சாப்பாடே பெரும் விவாதமாயிற்று.

அவ்விடத்து விடுதிகளில் தங்குவோர் உணவுக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிடலாம். 2020இல் நிறுத்தப்பட்ட அத்திட்டம் அவ்வாண்டு சனவரியில்தான் மீண்டும் வந்திருந்தது. எளிய திட்டத்தில் பெரியவருக்கு இரவொன்றுக்கு ஏறத்தாழ 57 டாலர். அதற்கு விரைவு உணவகங்களில் இருவேளை உணவு, ஒரு சிற்றுண்டி, விடுதியில் மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளப் பானக் குவளை ஒன்று. நன்கு உண்பவருக்கு நட்டமில்லை என்றே தோன்றியது.

ஆனால் ஒரே பதிவில் தங்கும், மூன்று வயது நிரம்பிய அனைவரும் சேர்ந்தாக வேண்டுமாம். எங்கள் அன்னையாரோ ஒருவேளைக்குமேல் வெளியில் உண்ணார். அவருக்கும் 57 டாலர்! பத்து வயதானாலே பெரியவர் கணக்கு. மூத்தவனுக்கு அப்போதுதான் பத்து நிரம்பியிருந்தது. மிஞ்சும் உணவுரிமையோ புறப்படும் நாள் நள்ளிரவோடு காலாவதியாகிவிடும்.

பூங்காவுக்குள் நம் உணவைக் கொண்டுசெல்லத் தடையில்லை. விரைவு உணவகங்களில் குளிர்நீரும் இலவசம். எனவே திட்டம் வேண்டாமென்று முடிவு செய்தோம். பகலில் ரொட்டியும் பழமும் கையோடு கொண்டுசென்று, இரவுணவை மட்டும் உள்ளே வாங்கினோம். அன்னையார் வழக்கம்போல் பாதித் தட்டைப் பேரன் பக்கம் நகர்த்தினார்.