தகட்டில் எழுதிய எண்

துபையின் அல் கூஸ் வட்டாரத்தில், பழைய பந்தய வகைக் கார்களை வாங்கிச் செப்பனிட்டு விற்கும் ஒரு நிறுவனத்தில் நாம் பதினேழு ஆண்டுகள் கணக்கெழுதினோம். கார் ஓட்டவே தெரியாத மனிதருக்கு அங்கே என்ன வேலை என்று அறை நண்பர்கள் கேலி செய்வதுண்டு. வண்டிகளை நாம் அறியோம்; ஆனால் அவற்றின் எண்களை அறிவோம். ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று எண்கள். ஒன்று அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்டது. மற்றொன்று எஞ்சினில் உள்ளது. மூன்றாவது தகட்டில் எழுதப்பட்டது. முதலிரண்டும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்திருந்தால் ஒரு விலை, ஒவ்வாவிடில் வேறு விலை. அதில் விந்தையேதும் இல்லை. மூன்றாவது எண்ணின் கதைதான் நம்மைப் பல இரவுகள் விழித்திருக்கச் செய்தது.

அந்தக் கதை பிரிட்டனில் தொடங்குகிறது. 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டப்படி, 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து எல்லா வண்டிகளும் எண் தாங்க வேண்டும் என்று விதித்தார்கள். லண்டனுக்கு ‘ஏ’, எசெக்ஸுக்கு ‘எஃப்’, எடின்பரோவுக்கு ‘எஸ்’ என்று ஊருக்கோர் எழுத்து. தத்துவ ஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தமையனாரான ரஸ்ஸல் பிரபு, ‘ஏ 1’ என்னும் எண்ணைப் பெறுவதற்காக இரவெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தார் என்று சொல்வார்கள். சட்டம் பிறந்த அன்றே மோகமும் பிறந்துவிட்டது!

எனினும் அக்காலத்து எண் வண்டியோடு ஒட்டியே வாழ்ந்தது. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் நிறுவனம் தனது ‘ஈ டைப்’ காரை உலகுக்குக் காட்டியபோது, அதைப் பார்க்கவும் ஏறிப் பார்க்கவும் கூட்டம் நெருக்கியடித்தது. ஒரு வண்டி போதவில்லை. கோவென்ட்ரியிலிருந்து மற்றொன்றை உடனே கொண்டு வா என்று செய்தி பறந்தது. நார்மன் டூயிஸ் என்னும் சோதனை ஓட்டுநர் இரவோடிரவாக அதை ஓட்டிக்கொண்டு ஜெனீவா போய்ச் சேர்ந்தார். முன்னே சென்ற வண்டியின் எண் 9600 எச்.பி.; இரவில் ஓடிய வண்டியின் எண் 77 ஆர்.டபிள்யூ. இன்றும் இவ்விரண்டும் உயிரோடிருக்கின்றன. விவரம் அறிந்தோர் இவற்றை ‘அந்த ஜாகுவார்’ என்று சொல்வதில்லை. ‘77 ஆர்.டபிள்யூ.’ என்றே, ஒரு மனிதரின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள்.

பிறகு எண் தனிச் சரக்காயிற்று. 1989 முதல் அந்நாட்டு அரசே விரும்பத்தக்க எண்களை விற்கத் தொடங்கியது. 2014இல் ‘25 ஓ’ என்ற எண், கட்டணங்கள் உட்பட 5,18,000 பவுண்டுக்குப் போயிற்று. ஓ என்னும் ஆங்கில எழுத்து சுழியைப்போல் இருப்பதால் அது 250 என்று வாசிக்கப்படும். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. வண்டிக்கு அது பொருந்தும் அல்லவா? அந்தச் செய்தி எமது பட்டறைக்கு வந்த நாளில் தேநீர் ஆறிப் போனதும் தெரியாமல் எல்லோரும் அதையே பேசினோம்.

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. பழைய பதிவேடுகளை ஊராட்சி மன்றங்களிலிருந்து ஸ்வான்ஸி நகரத்துக் கணிப்பொறிக்கு மாற்றியபோது, 1983 நவம்பர் இறுதிக்குள் பதியப்படாத எண்களெல்லாம் செல்லாதவையாயின. வைக்கோல் கொட்டகைகளில் உறங்கிக் கிடந்த எத்தனையோ வண்டிகள் அன்று பெயரிழந்தன. அத்தகைய வண்டியைப் பின்னாளில் கண்டெடுப்பவர், பழைய பதிவுப் புத்தகத்தையோ அதற்கு நிகரான சான்றையோ காட்டி, வண்டிச் சங்கத்தாரின் சாட்சியும் பெற்றால், அந்த எண்ணைத் திரும்ப வாங்கலாம். ஆனால் அவ்வாறு மீட்ட எண்ணை வேறு வண்டிக்கு மாற்றவோ விற்கவோ இயலாது. சட்டங்களில் இத்தனை இங்கிதம் உள்ள சட்டம் குறைவு என்பது நமது கருத்து.

அமீரகத்தில் வழக்கம் வேறு. அங்கே பழமைக்கன்று, சிறுமைக்கே மதிப்பு. இலக்கங்கள் குறையக் குறைய மரியாதை ஏறும். 2023 ரமலானில் ‘பி 7’ என்ற துபை எண் 5.5 கோடி திர்ஹத்துக்கு ஏலம் போயிற்று. பணம் பசித்தோர்க்கு உணவளிக்கும் அறநிதிக்குச் சென்றது. ஊர் திரும்பிவிட்ட நாம் அதைச் செய்தித்தாளில் படித்தோம். வாங்கியவர் எண்ணத்தை அல்லாஹ் அறிவான். பசித்த வயிறு தகட்டின் பெருமையைக் கேட்கப் போவதில்லை. ஆகவே அதை நாம் பழிக்க மாட்டோம்.

2009ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் எமது பட்டறைக்கு வந்து இறங்கியது. இருவர் அமரும் சிறிய திறந்த வண்டி. கீழக்கரைத் தம்பி ஒருவர் அங்கே மெக்கானிக். அவர் முன்பக்கத்தைத் தூக்கினார். பானட்டும் இருபக்க மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து, முதலை வாய் பிளப்பதுபோல முன்னோக்கி எழுந்தன. கையிலிருந்த ரசீதுக் கட்டை நாம் மேசைமீது வைத்துவிட்டோம். இப்படித் திறக்கும் வண்டியொன்றின் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்து நாம் பள்ளிப் பாடம் படித்திருக்கிறோம்.

வாப்பா 1967இல் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அது. சென்னையை அடுத்த வண்டலூரில் செய்தது. டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள் என்பதையும், இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் ஒரே இத்தாலியர் என்பதையும் அன்று மாலைதான் அறிந்தோம். நாற்பதாண்டுக் காலம் நமது சொந்தக்காரரென்று அறியாமல் ஒருவரோடு பழகியது போலிருந்தது.

காயல்பட்டினத்தில் அந்த வண்டிக்கு ஹெரால்ட் என்ற பெயர் வழங்கவில்லை. ‘இருபத்துநாலு பதினேழு’ என்றே வழங்கிற்று. பிரசவ வலி கண்ட பெண்களை நள்ளிரவில் தூத்துக்குடிக்குக் கொண்டு சென்றதும், மாப்பிள்ளைகளை மாலையோடு சுமந்ததும் 2417தான். வண்டி வாங்கிய புதிதில் ஒரு நண்பர், “786 கிடைக்குமென்றால் கொஞ்சம் செலவு செய்து வாங்கியிருக்கலாமே” என்றார். அது பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு உரிய எண்மதிப்பின் கூட்டல் என்பதை வாசகர்கள் அறிவார்கள். வாப்பா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “வண்டியை எடுக்கும்போது வாயால் பிஸ்மில்லாஹ் சொல்லுகிறேன். தகட்டில் எழுதி அதன்மேல் சேறடிக்க விடுவானேன்?”

அந்த ஸ்பிட்ஃபயரின் தாள்களை அன்றிரவு சரிபார்த்தோம். அதன் பழைய எண்ணை முன்னைய உரிமையாளர் தனியே விற்றிருந்தார். வண்டியின் வயதுக்கேற்ற வேறோர் எண் அதற்கு வழங்கப்பட்டிருந்தது. கீழக்கரைத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “காக்கா, பேரை வித்துட்டு ஆளை அனுப்பியிருக்காங்க” என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் செய்தது அதற்கு நேர்மாறானது.

வாப்பா 1991இல் மவுத்தானார்கள். வண்டி வேப்பமரத்தடியில் இரண்டு மழைக்காலம் நனைந்தது. 1993இல் ஒரு வெள்ளிக்கிழமை தம்பி தொலைபேசியில், “காக்கா, இரும்புக்கடைக்காரர் வந்து நிற்கிறார், எடைக்குப் போட்டுவிடவா?” என்று கேட்டான். அன்றைக்கு ஒரு நிமிடப் பேச்சுக்கு என்ன காசு என்பது வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். “போட்டுவிடு” என்றோம். அவ்வளவுதான். உம்மாவைக் கேட்டாயா என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. மூவாயிரத்து இருநூறு ரூபாய் கிடைத்ததாகத் தம்பி எழுதினான்.

உம்மா அதைப்பற்றி நம்மிடம் ஒருபோதும் பேசியதில்லை. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் வேப்பமரத்தடி வெறுமையாக இருந்தது, நாமும் பேசவில்லை. 2018இல் நாம் நிரந்தரமாக ஊர் திரும்பியபின், மறு ஆண்டு உம்மாவும் இறையடி சேர்ந்தார்கள். அவர்களது தகரப் பெட்டியில், கலியாணப் புடவைக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய தகடொன்று இருந்தது. கறுப்புத் தகட்டில் ஊர்ப் பெயிண்டர் கையால் எழுதிய வெள்ளை இலக்கங்கள். ஏழின் கால் சற்றே வளைந்திருக்கும். இரும்புக்கடைக்காரர் வண்டியை இழுத்துச் செல்லுமுன் உம்மா அதைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார்களாம். தம்பி அப்போதுதான் நம்மிடம் சொன்னான்.

அத்தகட்டின் அடியில் வண்டியின் பதிவுப் புத்தகமும் இருந்தது. ஸ்வான்ஸிக் கதைகளைக் கேட்டு வளர்ந்த புத்தியல்லவா? இரண்டையும் எடுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்றோம். 1989இல் புதிய சட்டம் நடப்புக்கு வந்து தமிழ்நாட்டு எண்களின் அமைப்பே மாறிவிட்டது என்பதும் தெரியும். ஆனாலும் சென்றோம். எழுத்தர் இளைஞர், நல்ல பிள்ளை. புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டினார். தகட்டை வாங்கி, ஏழின் வளைந்த காலை விரலால் தடவிப் பார்த்தார்.

“வண்டி எங்கே நிற்கிறது, பாய்?” என்று கேட்டார்.

நாம் தகட்டை மீண்டும் அந்தப் பழைய செய்தித்தாளிலேயே சுற்றிக்கொண்டோம்.