பொறுத்துக்கொள்ளாதே, சொல்

வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலத்தைக் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாய். அதனால்தான் போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். நேற்று நீ வார்த்தைகளை மென்று மென்று பேசினாய். வாயில் புண்ணா என்று கேட்டேன், இல்லை என்றாய். அப்புறம் மருமகள் போனை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், நீ சில நாளாகக் கஞ்சியைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்றாள். அவளைத் திட்டாதே. அவள் சொன்னதுதான் சரி.

இதைப் படித்துவிட்டு பெங்களூர் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி பைலிலேயே வைத்துவிடு. மாமாவும் மருமகளும்கூடப் படிக்கட்டும்.

நம் வீட்டில் பொறுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் மரியாதை. அப்பா தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், மெடிக்கல் செக்கப்புக்குப் போனால் இருமலை அடக்கிக்கொண்டு நிற்பார் என்று அம்மா சொல்வாள். இருமுவது தெரிந்தால் தரைக்கு மேலுள்ள வேலைக்கு மாற்றிவிடுவார்கள், சம்பளம் குறையும் என்று அவருக்குப் பயம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். அந்தப் பழக்கம் மட்டும் நம்மை விடவில்லை. நீயும் அப்பா போட்ட கணக்கைத்தான் போடுகிறாய்: உபாதையைச் சொன்னால் டாக்டர் மருந்தை நிறுத்திவிடுவார், நோய் திரும்பிவிடும். கீமோ வார்டில் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன், கேள். முதலிலேயே சொல்கிறவர்களுக்கு டாக்டர் வாந்தி மாத்திரையை மாற்றுவார், ரத்த வெள்ளை அணு ஏற்றும் ஊசி எழுதுவார், தேவைப்பட்டால் அளவைக் கொஞ்சம் குறைப்பார்; சிகிச்சை தொடரும். மறைத்து மறைத்துக் கடைசியில் துவண்டு வந்து விழுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் அடுத்த சைக்கிள் மருந்து தள்ளிப்போகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். புற்றுச் செல் ஓயாமல் பெருகும். கீமோ மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் அடிக்கும். நம் உடம்பில் அப்படிப் பெருகும் இடங்கள் உண்டு: முடியின் வேர், வாயிலிருந்து குடல்வரை உள்ளே படர்ந்திருக்கும் மெல்லிய தோல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை. அதனால்தான் முடி உதிர்கிறது, வாய் வெந்துபோகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, வெள்ளை அணு இறங்குகிறது. நல்ல செல்கள் மீண்டு எழட்டும் என்றுதான் உனக்கு 21 நாள் இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டம்மா கீமோ மருந்தை விஷம் என்றாராமே. அவர் சொன்னதில் பொய்யில்லை. உனக்கு ஏற்றும் இரண்டில் ஒன்று சைக்ளோபாஸ்பமைடு. போரில் வீசிய கடுகு வாயுவின் வழியில் வந்த மருந்து அது. 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்பிரட் கில்மன் என்ற இருவர் அந்த விஷத்தின் உறவுப் பொருளொன்று வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கவனித்து, நிணநீர்க் கட்டிப் புற்று வந்த நோயாளிக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கீமோவின் கதை அங்கேதான் தொடங்குகிறது. தங்கவயலில் பிறந்த நமக்கு இதில் அதிர்ச்சி என்ன? அரைத்த கல்லிலிருந்து தங்கத்தைக் கரைத்து எடுத்தது சயனைடுதானே. விஷத்தை அளந்து, நேரம் பார்த்து, கண் எடுக்காமல் நின்று வேலை வாங்கினார்கள். கீமோவிலும் அளவும் காவலும்தான் எல்லாம். அந்தக் காவலில் நர்ஸுக்குப் பாதி, உனக்குப் பாதி.

இன்னொன்று சிவப்பாக இறங்குகிறதே, அது அட்ரியாமைசின். ஏற்றிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். இரண்டு நாளுக்குப் பிறகும் சிவப்பாகவே இருந்தால், அல்லது போகும்போது எரிந்தால் சொல். சைக்ளோபாஸ்பமைடு மூத்திரப் பையைப் புண்ணாக்கக்கூடும். அதனால்தான் தண்ணீர் நிறையக் குடி, சிறுநீரை அடக்காதே என்கிறார்கள். பஸ்ஸில் கஷ்டம் என்று நீ தண்ணீர் குடிக்காமலே பெங்களூர் போய்வருவது எனக்குத் தெரியும். அந்த வேலை இனி வேண்டாம்.

இந்தச் சிவப்பு மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ, வீங்கினாலோ, அந்த நிமிடமே குரல் கொடு. நர்ஸ் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கூப்பிடு. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே அழுகவைக்கும் மருந்து இது. "கொஞ்சம் எரியுதுதான், இருக்கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். இதயத்தையும் இது தொடும். எக்கோ எடுத்தது அதற்காகத்தான். படி ஏறினால் மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் வயசுக்கோளாறு என்று நீயே முடிவு கட்டாதே.

அடுத்தது ஜுரம். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினாலாம் நாள் வரை வெள்ளை அணு மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் கிருமி புகுந்தால் சீழ் வைக்காது, சளி கட்டாது. பெரும்பாலும் ஜுரம் ஒன்றுதான் அடையாளம். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரியைத் தொட்டால், அல்லது ஜுரமே இல்லாமல் குளிர் தூக்கிப்போட்டால், அந்த ராத்திரியே கிளம்பவேண்டும். டோலோ மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதே. ஜுரம் மறைந்துவிடும், கிருமி உள்ளேயே இருக்கும். கித்வாய்க்குத்தான் போகவேண்டும் என்று விடியற்காலை ரயிலுக்கும் காத்திருக்காதே. பைலில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டே கோலாருக்குப் போங்கள். எஸ்.என்.ஆர். மாவட்ட ஆஸ்பத்திரியோ, டமகாவில் ஜாலப்பா ஆஸ்பத்திரியோ, எது முதலில் வருகிறதோ அது. வாசலிலேயே "கீமோ நடக்கிறது, ஜுரம் வந்திருக்கிறது, ரத்தத்தில் சி.பி.சி. பாருங்கள்" என்று மாமாவைச் சொல்லச் சொல். ஆன்டிபயாடிக் ஊசி சீக்கிரம் ஏறினால் பிழைத்துவிடலாம், தாமதித்தால் கிருமி ரத்தத்தில் பரவிவிடும். ராத்திரியில் பஸ்ஸை நம்பமுடியாது. கூப்பிட்டால் வரக்கூடிய கார்க்காரர் ஒருவரிடம் மாமா இப்போதே பேசிவைக்கட்டும்.

அணு ஏற்றும் ஊசி எழுதினால் போட்டுக்கொள். அதற்கப்புறம் இடுப்பெலும்பு குடையும். மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்கு என்ன மாத்திரை என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்.

வாய்க்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் ஆப்பசோடா, ஒரு சிட்டிகை உப்பு. சாப்பிட்ட பிறகெல்லாம் கொப்பளி, படுக்கும்போதும் கொப்பளி. கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ் வாங்கிக்கொள். நம் ஊர் தக்காளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் புண் ஆறும்வரை ரசமும் தொக்கும் கூடாது. ராகிக் கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், நன்றாக வெந்த முட்டை சாப்பிடு. எல்லாம் இரும்பு நக்கினமாதிரி இருக்கிறது என்றாயாம், எவர்சில்வர் ஸ்பூனை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்பூனில் சாப்பிட்டுப் பார். தண்ணீர்கூட விழுங்க முடியாத அளவுக்கு வலித்தால் அது கைவைத்தியம் பார்க்கும் புண் இல்லை, டாக்டரைப் பார்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபிறகு போடுவது பிசகு. வராமல் இருக்கத்தான் அது. எழுதிக்கொடுத்த நாட்கள் முழுவதும் நேரம் தவறாமல் போடு. ஆன்டான்செட்ரான் மலச்சிக்கல் கொடுக்கும், டெக்சாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையையும் ஏற்றும். உனக்கு ஏற்கெனவே சர்க்கரை. அந்த நாட்களில் வீட்டு மெஷினில் பார்த்து எழுதி வை.

சர்க்கரை என்றதும் நித்தியகல்யாணிக்கு வருகிறேன். யாரோ சொன்னார்கள் என்று அதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறாயாம். நிறுத்து. 1950-களில் ஜமைக்காவிலிருந்து அந்த இலை கனடாவுக்குப் போனது, சர்க்கரைக்கு நல்லது என்ற பேரில். ராபர்ட் நோபிள் என்ற டாக்டர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணு குறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவரும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதே செடியிலிருந்து பிறகு வின்கிறிஸ்டினும் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அதைத்தான் ஏற்றுகிறோம், மில்லிகிராம் கணக்கில். உன் அடுப்பில் கொதிக்கும் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அணு ஏற்கெனவே இறங்கியிருக்கும்போது இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும்? செடி வாசலில் பூக்கட்டும், பூஜைக்குப் பறித்துக்கொள். வேறு எந்தப் பொடி, லேகியமாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதே.

நாலு சைக்கிள் முடிந்ததும் பேக்லிடாக்சல் தொடங்கும் என்று சீட்டில் பார்த்தேன். வாந்தி குறையும், விரல் மரத்துப்போகும். ஜாக்கெட் ஊக்குப் போட வரவில்லை, கோலப்பொடி விரலில் நிற்கவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் அன்றைக்கே சொல். சர்க்கரைக்காரர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் அளவைக் குறைப்பார்கள் அல்லது தள்ளிப்போடுவார்கள். மறைத்தால் மரமரப்பு வருஷக்கணக்கில் நின்றுவிடும். மல்பெரித் தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பது இப்போதிலிருந்தே வேண்டாம். பட்டுப்புழு ஷெட்டில் கழிவு அள்ளுவதையும் பிளீச்சிங் பவுடர் தூவுவதையும் சிகிச்சை முடியும்வரை மற்றவர்கள் பார்க்கட்டும்.

முடியைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் தலையணையைத் தினம் உதறுவதாக மருமகள் சொன்னாள். இரண்டு மூன்று வாரத்தில் உதிரத் தொடங்கும். மருந்து முடிந்து சில மாதத்தில் திரும்ப முளைக்கும். கொத்துக் கொத்தாகக் கையில் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஒட்ட வெட்டிவிடுவது மனசுக்கு லேசு என்று என் வார்டில் நிறையப் பேர் சொல்வார்கள். முடிவு உன்னுடையது. யாருக்காகவும் முந்தாதே, யாருக்காகவும் மறைக்காதே.

அசதி வந்தால் படு. ஆனால் நாள் முழுக்கப் படுத்தே இருக்காதே. வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் நடந்துவிட்டு வா. பேரனைத் தூக்கக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அழுதாயாம். இது தொற்றாது அக்கா. தனித்தட்டும் வேண்டாம், தனிப்பாயும் வேண்டாம். அவனுக்குச் சளி, ஜுரம் இருக்கிற நாளில் மட்டும் தள்ளி இரு, அது உன் பாதுகாப்புக்கு. மருந்து ஏற்றிய இரண்டு நாள், நீ போய்வந்த கக்கூஸில் நிறையத் தண்ணீர் ஊற்றவேண்டும். வாந்தியைத் துடைப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

பூதிகோட்டையில் 'நம்ம த்வனி' சமூக வானொலி தொடங்கிய புதிதில், மகளிர் சங்கத்துப் பெண்களில் மைக் முன்னால் கூச்சமில்லாமல் உட்கார்ந்து பேசியவள் நீ. ரத்தசோகை பற்றியும் பிரசவம் பற்றியும் கேபிளில் ஊர் முழுக்கக் கேட்கும்படி கன்னடத்தில் பேசினாயே, உன் உடம்பைப் பற்றி ஒரு டாக்டரிடம் நாலு வாக்கியம் பேச முடியாதா? பேரனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள். தேதி, ஜுரம், சாப்பாடு, வாந்தி, வாய், மலம், தூக்கம், விரல் என்று தினம் ஒரு வரி எழுது. ஓ.பி.யில் டாக்டருக்கு உன்னோடு பேச நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும், நோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடு. "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற சொல் உன் வாயிலிருந்து வரக்கூடாது.

அடுத்த சைக்கிளுக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல்நாள் சாயங்காலமே வந்துவிடுவேன். பங்காரப்பேட்டையிலிருந்து சேர்ந்தே போகலாம். வந்ததும் நோட்டைத்தான் முதலில் கேட்பேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாமாவை அனுப்பி தெர்மாமீட்டர் வாங்கச் சொல். வாய்ப்புண்ணைப் பற்றி அன்றைக்கே கித்வாய்க்குப் போன் போட்டுச் சொல்லிவிடு. சொன்னாயா என்று மருமகளிடம்தான் கேட்பேன், உன்னிடம் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
உன் பாப்பா