"இடிக்கப் போறியளோ?"



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டீச்சர், சேர், ரெண்டு பேரும் சம்பளம் எடுக்கிறீங்க. என்னத்துக்கு இந்தப் பழைய வீட்டைக் கட்டிப்பிடிச்சிட்டு இருக்கிறீங்க? உடைச்சிப் போட்டு மாடி வீடா கட்டலாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப் போனோம். அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நாங்களும் இதை உடைக்கத்தான் வாங்கினோம்.

2021ஆம் ஆண்டு. பதினொரு வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, கண்டிக்கு வெளியே ஒரு காணி தேடிக்கொண்டிருந்தோம். தரகர் இந்த இடத்தைக் காட்டினார். 18 பேர்ச்சஸ். "வீடு ஒண்டு இருக்கு, ஆனா அதுக்குக் கணக்கில்லை" என்றார். அவர் சொன்னது சரிதான். காணிக்கு மட்டுமே விலை போட்டிருந்தார்கள், வீட்டுக்கு ஒரு சதமும் போடவில்லை. பல வருடம் பூட்டிக் கிடந்த வீடு. பீலியில் செடி முளைத்திருந்தது. ஒரு அறையில் வௌவால். முன்சுவரின் கருங்கல் மேல் யாரோ ஒரு வாடகைக்காரர் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்.

வட்டிக்குக் கடன் எடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தோம். நகை, சீட்டுக்காசு, வாப்பா கொடுத்தது, நானா கைமாற்றாகத் தந்தது எல்லாம் சேர்த்துத்தான் வாங்கினோம். நொத்தாரிஸ் முப்பது வருடத்துக்குப் பதிவேடு தேடிப் பார்த்தார். உறுதி சுத்தமாக இருந்தது. உரிமைக்காரர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பம், இப்போது கனடாவில். இங்கே அற்றோணித் தத்துவம் பெற்ற உறவினர் ஒருவர்தான் கையெழுத்து வைக்க இருந்தார்.

கையெழுத்துக்கு முன்பு அந்த வீட்டு மூத்த மகளோடு ஒரு தடவை தொலைபேசியில் பேசினோம். விலை பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இடிக்கப் போறியளோ?"

"இன்னும் யோசிக்கல்ல அக்கா" என்றோம். அது பொய். எங்கள் பையில் அப்போதே புதிய வீட்டின் படம் ஒன்று இருந்தது. இரண்டு மாடி, அலுமினிய ஜன்னல், வெள்ளை டைல்.

பிறகு வந்ததுதான் 2022. டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதைத் தொட்டது. ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை மூவாயிரத்தை நெருங்கியது. கம்பியின் விலையைக் கேட்கவே பயந்தோம். புதிய வீட்டின் படம் அலுமாரிக்குள் போனது. வாடகை கொடுத்துக்கொண்டு காணியைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வழியில்லை. "மழை ஒழுகாமப் பண்ணிக்கொண்டு கொஞ்ச நாளைக்கி இருப்போம்" என்று பாயும் சட்டி பானையுமாக இந்த வீட்டுக்குள் வந்தோம்.

எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடிக் கிடந்த அந்த ஜூன், ஜூலை நாட்களில் எங்களுக்கு இருந்த ஒரே வேலை இந்த வீடுதான். ஒரு கதவைக் கழற்றிப் படுக்க வைத்து ஈரமாக்கிச் சுரண்டத் தொடங்கினோம். (பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்தபடி தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.) வெள்ளை, அதன் கீழே நீலம், அதன் கீழே பச்சை, அதன் கீழே மண்ணிறம். நான்காவது படைக்குக் கீழே பலா மரம். இத்தனை வருடம் மூடிக் கிடந்த மரம் தேன் நிறத்தில் வந்தது. அன்று இரவு மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்தக் கதவை மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அதன் பிறகுதான் இது என்ன மாதிரி வீடு என்று தேடிப் படித்தோம். வாசற்படிச் சீமெந்தில் 1964 என்று கீறியிருக்கிறது. அந்தக் காலத்தில் நமது ஊர்களில் 'அமெரிக்கன் ஸ்டைல்' என்று சொல்லிக் கட்டிய வீடுகள் நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் சரிந்த தாழ்ந்த கூரை, பூக்கல் சுவர், கருங்கல் வைத்த முகப்பு, மூலையில் நீள ஜன்னல், சிவப்புச் சீமெந்து நிலம். அந்த வகைதான் இது. அப்போது வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. கண்ணாடியும் இரும்பும் கிடைப்பது கஷ்டம். ஆகவே ஊர்க் கல், ஊர்ப் பலகை, ஊர் மேசன்மாரின் கைத்திறன். வேறு ஒரு நெருக்கடியில் கட்டிய வீட்டைத்தான் நாங்கள் இந்த நெருக்கடியில் திருத்திக்கொண்டிருந்தோம்.

இந்த நவீன பாணிக்கும் கண்டிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா, பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1948இல் அந்தத் தகுதியைப் பெற்றார். 1950களின் கடைசியில் அவர் கண்டி வத்தாபுளுவையில் அரச ஊழியர்களுக்கு வீடமைப்புத் திட்டம் ஒன்றை வடிவமைத்தார். வரைவதற்கு முன்பு, குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்து கொடுத்து அவர்களின் தேவைகளைக் கேட்டாராம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆசிரியர்களான எங்களுக்கு இது மிகவும் பிடித்துப் போனது. எங்கள் வீட்டை எந்தப் பெரிய கலைஞரும் வரையவில்லை. யாரோ ஓர் ஓவசியர் வரைந்திருப்பார். ஆனாலும் அந்தக் காற்று இங்கேயும் வீசியிருக்கிறது.

இனி, நாங்கள் விட்ட பிழைகள். இதை வாசித்து ஒருவராவது தப்பினால் போதும்.

முதற் பிழை ஜன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரங்களை அடைத்தது. நுளம்பு வருகிறது, அணில் வருகிறது, பார்க்கவும் பழசாக இருக்கிறது என்று பலகை வைத்துச் சீமெந்து பூசி மூடினோம். ஐப்பசி மழை தொடங்கி மூன்றாவது கிழமை சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். மகளுக்கு முன்பே கொஞ்சம் வீசிங் இருந்தது. அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பூஞ்சணம் பிடித்த அறையில் பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டாம் என்றார் டொக்டர். மாமி அழுதார். "இந்தப் பாழடைஞ்ச வீடு எங்கட புள்ளய முடிச்சிரும்" என்றார். அன்று எங்களிடம் காசு இருந்திருந்தால் அடுத்த நாளே உடைத்திருப்போம்.

கூரை பார்க்க வந்த வயதான சிங்கள பாஸ் ஒருவர்தான் விசயத்தைப் பிடித்தார். நுளம்புத்திரி ஒன்றைப் பற்றவைத்து அறை நடுவில் பிடித்தார். புகை அப்படியே நின்றது. உளியால் ஒரு துவாரத்தை மட்டும் திறந்துவிட்டு மறுபடி பிடித்தார். புகை வளைந்து மேலே போய் வெளியேறியது. "வீட்டின் மூக்கைப் பொத்திவிட்டு அது ஏன் வியர்க்கிறது என்று கேட்கிறீர்கள்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். எல்லாத் துவாரங்களையும் திறந்து, உள்ளே நுளம்பு வலை அடித்தோம். பூஞ்சணம் திரும்ப வரவில்லை. மகளுக்கு வீசிங் முற்றாகப் போகவில்லை. ஆனால் அதன் பிறகு இரவில் ஓட வேண்டி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கூரை அஸ்பெஸ்டஸ். ஓடு போடச் சொன்னார் நானா. இந்தச் சரிவுக்கு ஓடு போட்டால் மழைத்தண்ணீர் பின்னால் ஏறி ஒழுகும். அதனால் வெப்பத் தடுப்பு வைத்த உலோகத் தகடு போட்டோம். அதையும் இரண்டு தவணையாகத்தான் செய்ய முடிந்தது. பழைய சீட்டைக் கழற்றும்போது நன்றாக நனைத்து, உடைக்காமல், வெட்டாமல், முகமூடி போட்டுக் கழற்ற வேண்டும். உடைந்த துண்டுகளை ஒழுங்கைக்குப் போட்டுப் பள்ளத்தை நிரப்பும் பழக்கம் நமது ஊரில் இருக்கிறது. தயவு செய்து விட்டுவிடுங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

நிலத்துக்கு டைல் போடவில்லை. வெடிப்புகளை மட்டும் அடைத்து, சிவப்புப் பொலிஷ் போட்டு, பாதித் தேங்காய் மட்டையைக் காலால் தேய்த்தோம். உம்மும்மா காலத்து வேலை. பாதி மாலையில் இடுப்பு பிடித்துவிடும், நிலம் மட்டும் முகம் பார்க்கலாம் போல் இருக்கும்.

சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. கிழக்குச் சுவரில் ஒரு மாடம். மேல்பக்கம் விளக்குப் புகை பிடித்துக் கறுத்திருந்தது. அது அவர்களின் சாமியறை. வந்த பலர் "முதல்ல அதை உடைச்சி மூடுங்க" என்றார்கள். நாங்களும் மூடத்தான் இருந்தோம்.

பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் வேலிக்கு மேலால் பேசினார். 1983 ஜூலையில் அந்தக் குடும்பம் இரண்டு இரவு அவர் வீட்டின் பின்னறையில் ஒளிந்திருந்ததாம். மூன்றாம் நாள் முகாமுக்குப் போனார்கள். அதன் பிறகு இந்த வீட்டில் அவர்கள் ஒரு நாளும் தூங்கவில்லை. சட்டியில் சோறு அப்படியே இருந்தது என்றார் ஆச்சி.

அன்று இரவு நாங்கள் அதிகம் பேசவில்லை. 2018 மார்ச் மாதம் திகனயில் வீடும் கடையும் பள்ளியும் எரிந்த நாட்கள் இருவருக்கும் நினைவு வந்தது. ஊரடங்குச் சட்டம். வாடகை வீட்டில் லைட்டை அணைத்துவிட்டு, ஒரு பையில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எங்கள் சான்றிதழ்களையும் கொஞ்சம் பால்மாவையும் வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு விடிந்தது. நாங்கள் அதே வீட்டில் பிளேன்டீ ஊற்றிக் குடித்தோம். அவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

மாடத்தை மூடவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், புகை பிடித்த மேல்பக்கத்தை மட்டும் விட்டுவிட்டோம். இப்போது அதில் மகளின் புத்தகங்களும் நாங்கள் திருத்தக் கொண்டு வரும் பிள்ளைகளின் கொப்பிகளும் இருக்கின்றன.

போன விடுமுறையில் கனடாவிலிருந்து அந்த அக்கா வந்தார். எழுபது வயதுக்கு மேல். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, 1964 என்ற கீறலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து சிவப்பு நிலத்தில் ஒரு காலை மட்டும் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். "இடிக்கேல்லை, என்ன?" என்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு, அன்று தொலைபேசியில் சொன்னது பொய் என்பதைச் சொன்னோம். "எனக்கு அப்பவே தெரியும் தங்கச்சி" என்றார்.

சின்ன அறைக்குப் போனபோது எங்களுக்கு நெஞ்சு அடித்தது. மாடத்தையும் கொப்பிகளையும் கறுப்புப் புகையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதில முந்தி சரஸ்வதி படம்தான் இருந்தது. கொப்பியளைச் சரியான இடத்திலதான் வச்சிருக்கிறியள்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பிறகு பின்கதவைத் திறந்தார்.

"இதில நிண்ட மாமரம் எங்க?"

அதை வாங்கிய முதல் மாதமே வெட்டியிருந்தோம். இலை விழுந்து பீலி அடைக்கிறது என்பதற்காக. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கன்று கொண்டு வந்து நட்டதாம். கண்டிக் குளிருக்குச் சரியாகக் காய்க்காதாம், ஆனாலும் வெட்ட விடமாட்டாராம். அக்கா ஒன்றும் கோபப்படவில்லை. அடிக்கட்டை இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, தேத்தண்ணி தாங்கோ" என்றார்.

கதவைச் சுரண்டி எடுத்தோம், துவாரத்தைத் திறந்தோம், நிலத்தை மினுக்கினோம். அந்த மரத்தை எங்களால் திருத்த முடியாது. யோசிக்காமல் செய்த ஒரு காலை நேரத்து வேலை அது.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே, பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்வோம். எதையும் உடைக்கவோ வெட்டவோ மூடவோ முன்பு ஒரு மழைக்காலம் அதில் இருந்து பாருங்கள். பக்கத்து வீட்டு வயதானவர்களிடம் கேளுங்கள். முடிந்தால் விற்றவர்களிடமும் கேளுங்கள். எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்ற முடியாது, அது எங்களுக்கும் தெரியும். கறையான் முற்றாகத் தின்ற வீடும் உண்டு, பெருத்த குடும்பத்துக்கு இடம் காணாத வீடும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

முன்சுவரின் பச்சைப் பெயின்ட் இன்னும் பாதி இருக்கிறது. கருங்கல்லைக் காயப்படுத்தாமல் அதை எடுக்கத் தெரிந்த பாஸ் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். வீடு பார்க்க விரும்புகிறவர்கள் போயா நாளில் வரலாம். தேநீர் தருவோம். ஆனால் "ஏன் உடைக்கல்ல?" என்று மட்டும் இனிக் கேட்காதீர்கள்.

துஆச் செய்யுங்கள்.