பரங்கிக்கு முந்திய வண்டு

பரங்கிக் கொடி முதல் இரண்டு இலை விட்டதுமே சிவப்புப் பூசணி வண்டு வந்து உட்கார்ந்துவிடும். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத உடம்பு. மேலே பளபளக்கும் செம்மஞ்சள், புரட்டினால் அடிவயிறு கறுப்பு. அதிகாலையில் மந்தமாக இருக்கும், கையாலேயே பொறுக்கலாம். வெயில் ஏறிவிட்டால் கிட்டே போகுமுன் பறந்துவிடும்.

அது தின்பதைக் குனிந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும். எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. இலையில் முதலில் வட்டமாக அறுக்கிறது. பிறகு அந்த வட்டத்துக்குள் நின்று மேய்கிறது. வாயை ஒட்டவைக்கும் இலைச்சாறு அறுத்த கோட்டைத் தாண்டி உள்ளே வராது. வாய்க்காலுக்கு மடை அடைப்பதைப் போன்ற வேலை.

இதன் பேரினம் அவுலகோபோரா. அது பரவியுள்ள இடங்களை வரைபடத்தில் தொட்டுப் பார்ப்பது எனக்கு அலுக்காத காரியம். ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடலோரம், இந்தியா, இலங்கை, ஜப்பான், ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள். அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் இயல்பாக ஒன்றுகூட இல்லை. பரங்கியோ அமெரிக்காவில் பிறந்தது. கொலம்பசுக்குப் பிறகுதான் கடல் தாண்டியது. அதுவரை வெள்ளரி, சுரை, பீர்க்கு என்று தின்றுகொண்டிருந்த வண்டு, புதிதாக வந்த கொடியிலும் தனக்குப் பழகிய குக்குர்பிட்டாசின் கசப்பைக் கண்டுகொண்டது.

அமெரிக்காவில் பரங்கியைத் தின்பவை டயாப்ரோடிகா, அகாலிம்மா என்ற வேறு பேரினங்கள். அவற்றுக்கும் இதே கசப்பின்மேல்தான் ஆசை. நம்முடையதும் அவையும் கலெருசினே துணைக்குடும்பத்தில், லூப்பெரினி என்ற ஒரே பிரிவில் அடங்குகின்றன. நம் பகுதியின் கலெருசினே வண்டுகளைச் சமரேந்திர மௌலிக் 1936-இல் ஒரு பெரிய நூலில் வகைப்படுத்தினார். சாதாரண உழைப்பல்ல அது. நிறத்தை மட்டும் நம்பினால் இனம் பிரிக்க முடியாது; ஆண் வண்டின் உறுப்புகளை லென்ஸ் வைத்துப் பார்க்கவேண்டும்.

இந்த உறவுமுறை தோட்டத்துக்கும் உதவும். அமெரிக்காவில் மக்காச்சோள வேரைக் குடையும் புழு டயாப்ரோடிகாவின் பிள்ளை. நம் வண்டின் பிள்ளையும் அப்படியே: முட்டை கொடியடி ஈரமண்ணில், புழு வேரில், கூட்டுப்புழு மண்ணுக்குள். இலைக்கு மேலே நாம் அடிக்கும் மருந்து அங்கே எட்டாது. காய்ப்பு முடிந்ததும் கொடியை அப்புறப்படுத்தி, உடனே நிலத்தை ஆழமாக உழுதுவிடுங்கள்.